பின் சீட்டில் ஒரு பெட்டி

“ஒண்ணுகூட உடையலம்மா, நீங்களே பாருங்க” என்று சொல்லிக்கொண்டே போலீஸ்காரர் ஆறாவது கண்ணாடி டம்ளரையும் எடுத்துத் தையல் மேஜைமேல் வைத்தார். வழியெல்லாம் அவரே மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த மாதிரி முகத்தில் ஒரு திருப்தி.

அந்த ஆறையும் எடுத்துச் சுவரில் அடிக்கவேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம், திறந்திருந்த கதவுக்கு உள்ளே, கூடத்தின் நடுவில் அவள் புருஷன் படுத்திருந்தார். நெற்றியைச் சுற்றிப் பெரிய கட்டு. நேற்றுக் காலை இந்தப் பெட்டியோடு ஒரே காரில், ஒரே சீட்டில் போனவர். இன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டியில் அவர் தனியாக வந்தார், போலீஸ் ஜீப்பில் பெட்டி தனியாக வந்தது. பெட்டியில் ஒரு கீறல் இல்லை.

“அட்டை மூணு. காசு ஒரு டப்பா. இரும்புக் குண்டு பெருசு ரெண்டு, சின்னது எட்டு. சக்கர வண்டி ஒண்ணு. துணி பொம்மை ரெண்டு. டம்ளர் ஆறு.” போலீஸ்காரர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். “எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா.”

“ஒரு ஆள் குறையறாரு. அதையும் எழுதிட்டீங்களா?”

போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷன்தான். அதனால்தானோ என்னவோ, ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்துப் பெட்டியின் துணி உறையைத் தடவினார். முதுகுப்பக்கம் தடித்த நாடாவில் ஒரு காது வைத்துத் தைத்திருந்தது.

“இந்தக் காதுக்குள்ளதான் சீட் பெல்ட்டக் கோத்து மாட்டியிருந்தாங்க. நான்தான் கழட்டினேன். அவ்வளவு பெரிய குலுக்கல்ல இது துளி அசையலம்மா. யாரு தைச்சதோ, நல்ல தையல்.”

“கடைல கொடுத்துத் தைச்சது” என்றாள் அவள்.

போலீஸ்காரரின் கண் மேஜைமேலிருந்த தையல் மிஷினுக்குப் போயிற்று. பக்கத்தில் அதே சாம்பல் நிற நாடா ஒரு சுருள் கிடந்தது. அவர் பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்ட வேகத்தில் காகிதம் ஓரமாகக் கிழிந்தது. அதையும் அவர் பெரிதுபடுத்தாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கூடத்தில் நாத்தனாரின் குரல் ஓயவில்லை. செத்தவருக்கு அக்கா, தாய் இல்லாத இரண்டு தம்பிகளையும் வளர்த்தவள். இப்போது ஒரு தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து இன்னொரு தம்பியைக் கரித்துக்கொட்டிக் கொண்டிருந்தாள்.

“வேண்டாம்டா, அவன் ஓட்டற லட்சணம் எனக்குத் தெரியும், பஸ்ல போடான்னு எத்தனை தடவை சொன்னேன்! கேட்டானா? தம்பி தம்பின்னு போயி அவன் கையாலயே முடிஞ்சிட்டானே!”

நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் ‘சின்னவன் திடீர்னு பிரேக் போட்டுட்டான்’ என்பதாக இருந்த கதை, ராத்திரிக்குள் ‘வேகமா ஓட்டினானாம்’ என்றாகி, இன்றைக்குக் காலையில் ‘ஃபோன்ல பேசிட்டே ஓட்டினானாம்’ வரைக்கும் வளர்ந்திருந்தது. சற்று முன்னால், யாரோ ஒரு தூரத்து உறவு தன் பக்கத்தில் இருந்தவளிடம், “குடிக்கிற பழக்கம் உண்டோ?” என்று கேட்டது அவள் காதிலேயே விழுந்தது. கொழுந்தன் காப்பியைக்கூட அரை டம்ளருக்குமேல் குடிக்காத ஆள்.

அந்தக் கொழுந்தன் வாசலுக்கு வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டாள். மூன்று மணிக்கு வண்டி வரும். அண்ணனைத் தூக்கும்போது அவர் தோள் கொடுக்கக்கூடாது, மயானத்துக்கும் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசவேண்டியவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் நேற்றிலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். வண்டி வருவதற்குள் அவள் திறக்காவிட்டால் இந்தப் பழி அந்த மனுஷர் தலையில் ஆயுசுக்கும் உட்கார்ந்துவிடும். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் மூடிக்கொண்டிருந்தாள். அதனால்தான் பார்க்கிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள்.

ஹெட்மாஸ்டர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ரொம்ப நல்ல மனுஷன். என்ன பண்றது, நேரம்” என்றார்.

“என்ன நேரம்?” என்றாள் அவள். “நேரம் காலைல எட்டே முக்கால். அதுக்கென்ன இப்போ?”

ஹெட்மாஸ்டர் பக்கத்திலிருந்த வேதியியல் டீச்சரைப் பார்த்தார். துக்கத்தில் பேசுகிறாள் என்று இரண்டு பேரும் கண்ணாலேயே முடிவுகட்டிக்கொண்டு நாற்காலி தேடிப் போனார்கள்.

நேரமாவது, எழுத்தாவது. வாத்தியாருக்கு இந்த வார்த்தைகளைக் கேட்டாலே பிடிக்காது. அவளும் அவரை ‘வாத்தியார்’ என்றுதான் சொல்வாள். கோபம் வந்தாலும் வாத்தியார், கொஞ்சினாலும் வாத்தியார். பௌதிக வாத்தியார். அதிலும் ஒன்பதாம் வகுப்பில் வரும் அந்த ஒரு பாடம், விசை, இயக்கம், நிலைமம் என்று வருமே, அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பாடம்தான் பிள்ளை. அவள் மேஜையில் அடுக்கி வைத்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு துணியை வெடுக்கென்று உருவி, மேலே இருப்பது கலையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். பத்துத் தடவையில் ஏழு தடவை நிற்கும். மிச்ச மூன்று தடவையும் யார் மடிப்பது?

கல்யாணமான அன்றைக்கு வாடகைக் காரில் இரண்டு பேரும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். கார் கிளம்பியது. புருஷன் தன்னோடு தனியாகப் பேசப்போகும் முதல் வார்த்தைக்காக அவள் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். “இப்பப் பின்னாடி சாஞ்சியே, ஏன்னு சொல்லு?” என்றார். முதல் வார்த்தையே அதுதான். “வண்டி ஆட்டிச்சு” என்றாள் அவள். “இல்ல. வண்டி கிளம்பிடுச்சு. நீ இன்னும் உங்க வீட்டு வாசல்லயே நிக்கறே” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் அழுதுவிட்டாள். அவருக்கு அது ஏன் என்று கடைசிவரைக்கும் புரியவில்லை. அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸோ காரோ ஸ்கூட்டரோ, எது கிளம்பினாலும் பக்கத்தில் இருக்கிற ஆளை அதே கேள்வி கேட்டுக் கழுத்தறுப்பார். முன்பின் தெரியாதவர்களைக்கூட விடமாட்டார்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஆய்வகம் இல்லாத ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் இந்தப் பாடத்தை நடத்திவிட்டு வருவார். அதற்குத்தான் பெட்டி. கொழுந்தன் தச்சர், டம்ளருக்குத் தனியாக, குண்டுக்குத் தனியாக என்று அறை பிரித்து அதைச் செய்து கொடுத்தவர் அவர்தான். சக்கர வண்டி உருண்டு வர ஒரு நீளப் பலகையும் இழைத்துக் கொடுத்திருந்தார். பொம்மை இரண்டும் அவள் தைத்தது, வாத்தியாரின் பழைய பேன்ட்டில். சக்கர வண்டியில் இரண்டையும் உட்கார வைத்து, ஒன்றுக்கு மட்டும் ரிப்பனால் பெல்ட் கட்டிப் பலகையிலிருந்து விடுவார். கீழே செங்கல். வண்டி டொக்கென்று நிற்கும். பெல்ட் கட்டிய பொம்மை வண்டியிலேயே இருக்கும். மற்றது பறந்துபோய் முன் பெஞ்சில் விழும். வகுப்பே கைதட்டும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையானாலும் சீருடை போட்டுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். சாரைப் பார்த்தார்கள். திரும்பும்போது முன்னறை மேஜையில் பரப்பி வைத்திருந்த சாமான்களும் கண்ணில் பட்டன. ரெட்டைச் சடைப் பெண் ஒருத்தி பறக்கிற பொம்மையைக் கையில் எடுத்தாள்.

“சார் எப்பவும் சொல்வாங்க ஆன்ட்டி. ‘பிரேக் போட்டா வண்டிதான் நிக்கும், உன்னை யாரு நிறுத்துவா?’ன்னு. எங்க அப்பாகிட்டகூடச் சொல்லிச் சொல்லி இப்ப அவரு பெல்ட் போடாம எடுக்கறதே இல்ல. எங்களுக்கெல்லாம் அத்தனை சொல்லிட்டு, சார் எப்படி…”

பக்கத்திலிருந்தவள் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கேளு” என்றாள் அவள். “நல்லாக் கேளு. போய் அவரையே கேளு.”

பிள்ளைகள் பயந்துபோய் வெளியே போய்விட்டார்கள். பச்சைப் பிள்ளையிடம் போய் வள்ளென்று விழுந்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த அத்தனை பேரில் சரியான கேள்வியைக் கேட்டது அந்த ஒரு குழந்தைதான். அதற்கு அவளிடம் பதில் இருந்தது.

போன மாதம் ஒரு வளைவில் பெட்டி சீட்டிலிருந்து சரிந்து விழுந்து டம்ளரெல்லாம் நொறுங்கிப் போயிற்று. பாதிப் பாடம் நடத்த முடியாமல் திரும்பி வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். அவள் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு ஒரு ரவிக்கைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தாள். பொறுக்கமுடியாமல், “அந்தப் பெட்டிக்கும் ஒரு பெல்ட்டப் போட்டுத் தொலைங்களேன்!” என்றாள். எரிச்சலில் சொன்னது. அவர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். “அடடே! முப்பது வருஷத்துல இப்பத்தான் உனக்குப் பாடம் புரிஞ்சிருக்கு” என்று கையைத் தட்டினார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து உறையில் காது வைத்தாள். நழுவக்கூடாது என்று ரெட்டைத் தையல், ஓரத்தில் குறுக்குத் தையல் வேறு.

காரில் முன் சீட்டைச் சாய்த்துப் பலகையை நீளவாக்கில் போட்டால் அது பின் சீட்டிலும் பாதியைத் தின்றுவிடும். மிச்சப் பாதியில் அவரும் பெட்டியும் ஒட்டிக்கொண்டு உட்காரவேண்டும். நடு பெல்ட்டின் கொக்கி என்றைக்கோ போய்விட்டது. ஆக, இருந்தது ஒரே பெல்ட். பலகையைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பெட்டிக்குப் பெல்ட் மாட்டினார்கள். ஓட்டுகிறவர் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கட்டாமல் விட்ட சாமான் வாத்தியார் ஒருத்தர்தான்.

முன்னால் போன லாரி நின்றது. கொழுந்தன் பிரேக்கை மிதித்தார். கார் லாரியின் பின்பக்கத்தில் இடித்து நின்றது. நாற்பது கிலோமீட்டர் வேகம்; கார் முன்பக்கம் நசுங்கியதோடு சரி. வாத்தியார் மட்டும் நிற்காமல் முன் கண்ணாடி வரைக்கும் போனார்.

மூன்று மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. அவள் ஒரு சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கேட்டுக்குப் போனாள். கொழுந்தன் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். நேற்றுப் போட்டிருந்த அதே சட்டை. திறந்த பொத்தானுக்குள், தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்காக பெல்ட் அழுத்திய தழும்பு கன்றிப்போய்க் கிடந்தது.

“குடிங்க தம்பி.”

அவர் வாங்கிக் குடித்தார்.

“உள்ள என்னென்ன பேசறாங்கன்னு தெரியுமா?”

“கேக்குது அண்ணி.”

“கேட்டுட்டு இங்க சும்மா நின்னுட்டு இருக்கீங்க! நடந்ததைச் சொன்னா என்ன? அண்ணன் பெல்ட் போடலன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா உங்களுக்கு?”

“நான் கேட்டேன் அண்ணி, ஏறும்போதே. ‘பெட்டிக்குப் போட்டாச்சுடா, இதோ இருக்கு பத்து கிலோமீட்டர், நான் பிடிச்சுக்கறேன்’னாரு.” அவர் சொம்பைக் கையில் உருட்டினார். “அதச் சொன்னா, பெட்டிக்கு எதுக்குப் பெல்ட்டும்பாங்க. யாரு யோசனைம்பாங்க.”

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“வழியெல்லாம் அதேதான் பேசிட்டு வந்தாரு. உங்க அண்ணிக்கு இருக்கிற மூளைக்கு டீச்சரா போயிருக்கணும்டா, எப்படிக் காது வச்சிருக்கா பாருன்னு. லாரிக்கு முன்னாடி வரைக்கும் அதே பேச்சுத்தான். விடுங்க அண்ணி. ஓட்டினது நான். என்னையே திட்டட்டும். நீங்க வாயத் திறக்காதீங்க.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த ஆள் அண்ணன் பேரைக் காப்பாற்ற நிற்கிறார் என்றுதான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது. வெயிலில் நின்று அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவளை.

“உங்க வம்சத்துக்கே புத்தி கிடையாது” என்றாள் அவள். “இருக்கிற ஒரு பெல்ட்ட அடுத்தவங்களுக்கு மாட்டிவிட்டுட்டு நிக்கறது. அண்ணனும் அப்படி, தம்பியும் அப்படி!”

தெருமுனையில் வண்டி திரும்பியது.

கூடத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நாலு பேர் குனிந்து பிடித்தார்கள். தலைமாட்டில் ஒரு பக்கத்துக்கு ஆள் போதவில்லை. யாரோ பழக்கத்தில் வாசலைப் பார்த்து, “சின்னவரே, வாங்க” என்று கூப்பிட்டுவிட்டார்.

நாத்தனார் நிலைப்படியில் போய்க் கையை நீட்டி மறித்தாள். “அவன் இந்தப் படியை மிதிக்கக்கூடாது. என் தம்பியைக் கொன்ன கை அது.”

“கையை எடுங்கக்கா.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முன்னறையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலிப் பெட்டிதான், ஆனாலும் கனம். கூடத்தின் நடுவில், அவர் காலடியில் தொப்பென்று வைத்தாள்.

“அந்தக் கார்ல பின்னாடி இருந்தது ஒரே பெல்ட். அத இவரு தனக்குப் போட்டுக்கல. இதோ, இதுக்குப் போட்டாரு. இந்தக் காதுக்குள்ள கோத்து. இந்தக் காது யார் தையல்னு இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. போட்டுத் தொலைங்கன்னு சொன்னது நான். தைச்சுக் கொடுத்தது நான். தம்பி குடிக்கல, ஃபோன் பேசல. லாரி நின்னுது, தம்பி பிரேக் போட்டாரு. எவன் ஓட்டினாலும் அதத்தான் செய்வான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. வாசல்ல நிக்க வைக்கணும்னா என்னை நிக்க வைங்க!”

ஹெட்மாஸ்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. படுத்திருந்தவர் பக்கம் திரும்பினாள்.

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தீங்களே! ஒரு நாள், ஒரே ஒரு நாள், பெட்டியை மடில வச்சுட்டு அந்தப் பெல்ட்ட நீங்க மாட்டிக்கத் தோணலையா? டம்ளர் கடைல கிடைக்கும்யா! நூறு டம்ளர் கிடைக்கும்யா!”

முப்பத்தொரு வருஷத்தில் அவரை அவள் ‘யா’ போட்டுப் பேசியதில்லை. பேசிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் மெதுவாக வந்து குனிந்தாள். பெட்டியின் உறையைத் தொட்டுப் பார்த்தாள். காதுக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்தாள். அது கொஞ்சமும் இளகவில்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பாமலே, “சின்னவனை வரச் சொல்லுங்க” என்றாள்.

கொழுந்தன் உள்ளே வந்தார். பழக்கத்தில் கன்றிப்போன தோளைத்தான் கொடுத்தார். பாரம் ஏறியதும் முகம் சுளித்தது. ஒரு நொடி நின்று, ஆள் மாறி அடுத்த பக்கத்துக்குப் போய் மற்ற தோளைக் கொடுத்தார்.

வாத்தியாரை ஏற்றிய வண்டி முன்னால் நகர்ந்தது. மின்மயானம் என்பதால் பெண்களும் கிளம்பினார்கள். வீட்டு ஆட்களுக்கு, அதன் பின்னால் ஒரு வாடகை வேன். நடு சீட்டில் ஜன்னலோரம் கொழுந்தன், நடுவில் அவள், இந்தப் பக்கம் நாத்தனார். அவள் தன் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கொழுந்தனும் மாட்டிக்கொண்டார். நாத்தனார் பெல்ட்டின் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எங்க போறதுன்னு எனக்குத் தெரியாது” என்று அவள் பக்கம் நீட்டினாள்.

அவள் அதை வாங்கி, நாத்தனாரின் புடவை மடிப்பு மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கிவிட்டு, கீழே அழுத்தினாள். கிளிக்கென்று விழுந்தது. சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வேன் கிளம்பியது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் பின்னால் சாய்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.